யூட்டாவில் ரேஸ் பார்க்கப் போகிறீர்களா? முதலில் ஞாயிற்றுக்கிழமையைக் கவனியுங்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்கு ரேஸ் பார்க்கப் போகிறவர்கள் டிக்கெட், ஹோட்டல், வாடகை கார் என்றுதான் திட்டத்தை ஆரம்பிப்பார்கள். காலண்டரைத்தான் முதலில் எடுக்க வேண்டும். உலகம் முழுக்க மோட்டார் பந்தயத்தின் உச்சம் ஞாயிறு மதியம். யூட்டாவிலோ மக்களில் பெரும் பங்கினர் மோர்மன் என்ற கிறிஸ்தவச் சபையினர், அவர்களுக்கு ஞாயிறு ஓய்வுநாள். அன்றைக்குக் கடைக்குப் போக மாட்டார்கள், காசு கொடுத்து வேடிக்கை பார்க்க மாட்டார்கள், சபையில் இரண்டு மணி நேரம், மிச்ச நேரம் குடும்பத்தோடு. எல்லாரும் ஒரே அளவுக்குக் கறாராக இருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் ஊரின் தாளமே இதை ஒட்டித்தான் போகிறது, வெளியூர்க்காரர் அதைத் தெரிந்துகொண்டு போனால் நல்லது.

பெயர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘மோர்மன்’ என்பது நமக்குப் பழகிய பெயர், ஆனால் 2018-லிருந்து சபையே முழுப் பெயரைச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறது: பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. நேரில் பேசும்போது அதை மதித்துப் பேசுங்கள். உள்ளூரில் ‘எல்.டி.எஸ்.’ (Latter-day Saints, அதாவது பிற்காலப் பரிசுத்தவான்கள்) என்ற சுருக்கமும் சாதாரணமாகப் புழங்குகிறது.

ஞாயிறும் ரேஸும் எப்படி ஒத்துப்போகும் என்பதற்கு டூலி பள்ளத்தாக்கில் இருக்கும் டிராக்தான் நல்ல உதாரணம். சால்ட் லேக் சிட்டியிலிருந்து மேற்கே கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர். இன்றைக்கு அதன் பெயர் யூட்டா மோட்டார்ஸ்போர்ட்ஸ் கேம்பஸ். 2006-இல் திறந்தபோது மில்லர் மோட்டார்ஸ்போர்ட்ஸ் பார்க் என்று பெயர், முழுச் சுற்று சுமார் 7.2 கிலோமீட்டர். கட்டியவர் லாரி மில்லர், அப்போது யூட்டா ஜாஸ் கூடைப்பந்து அணியின் உரிமையாளர், சபையின் உறுப்பினர். தன் சொந்த அணி ஆடினாலும் ஞாயிறு என்றால் அரங்கத்துக்குப் போகாதவர். அப்படிப்பட்டவர் கட்டிய டிராக்குக்கு 2008-இல் வேர்ல்ட் சூப்பர்பைக் என்ற உலக பைக் பந்தயத் தொடர் வந்தது. முதல் இரண்டு வருடம் வழக்கம்போல ஞாயிறு. 2010 முதல் 2012 வரை பிரதானப் பந்தயங்கள் திங்கட்கிழமை நடந்தன, மெமோரியல் டே விடுமுறையன்று. ஞாயிறு சபைக்குப் போய்விட்டுத் திங்கள் காலை பிள்ளைகளோடு டிராக்குக்கு வரலாம், சாயங்காலம் வீடு திரும்பி, மோர்மன் வீடுகளில் திங்கள் இரவுக்கென்றே வைத்திருக்கும் குடும்ப நேரத்துக்கும் உட்காரலாம். ஓர் உலகப் போட்டி ஊரின் வழக்கத்துக்கு இப்படி இடம் கொடுத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? தண்ணீர், சாப்பாடு, ஐஸ் எல்லாவற்றையும் சனிக்கிழமை இரவே வாங்கிவிடுங்கள். ஞாயிறு பெட்ரோல் கிடைக்கும், பெரிய கடைகளும் திறந்திருக்கும், ஆனால் சின்ன ஊர்களில் குடும்பங்கள் நடத்தும் உணவகங்கள் பல பூட்டியிருக்கும். மது வேண்டும் என்கிறவர்கள் இன்னும் முன்யோசனையோடு இருக்க வேண்டும்: பீர் மளிகைக் கடையில் கிடைக்கும், ஒயினும் மற்ற மதுவும் மாநில அரசின் கடைகளில் மட்டுமே, அவை ஞாயிறும் விடுமுறை நாட்களிலும் திறக்காது. குடித்துவிட்டு ஓட்டுவதற்கான இரத்த ஆல்கஹால் வரம்பும் அங்கே 0.05 சதவீதம், அமெரிக்காவில் வேறெங்கும் இவ்வளவு குறைவு கிடையாது.

நமக்கு முக்கியமானது டீ, காபி. சபையினர் இரண்டையும் குடிப்பதில்லை. நகரத்தில் காபிக் கடைகள் தாராளமாக உண்டு, கவலை வேண்டாம். யாராவது வீட்டுக்கு அழைத்தால் மட்டும் டீ கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள், ஹாட் சாக்லேட் கொடுப்பார்கள், சந்தோஷமாக வாங்கிக் குடியுங்கள். கோலாவில் தேங்காய் சிரப்பும் க்ரீமும் கலந்து தரும் சோடாக் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன, ஒருமுறையாவது குடித்துப் பாருங்கள்.

இனி பானவில். யூட்டாவில் ஓர் இடத்துக்குத்தான் போக நேரம் இருக்கிறது என்றால் டிராக்கை விட்டுவிட்டு இந்த உப்பு வெளிக்குப் போங்கள். போவதற்கு முன் ஆப் ஜென்கின்ஸ் என்ற பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். பக்தியுள்ள மோர்மன், மதுவும் புகையும் தொடாதவர். 1933-இல் ஒரு பியர்ஸ்-ஏரோ காரைத் தனியாளாக 24 மணி நேரம் ஓட்டினார், முடியும் தறுவாயில் ஓடுகிற காரிலேயே முகச்சவரம் செய்துகொண்டார் என்று இன்றும் சொல்வார்கள். இந்த உப்பு உலகத்திலேயே நல்ல ஓடுதளம் என்று அவர் ஓயாமல் எடுத்துச் சொன்னதும் ஒரு காரணமாக, வேகச் சாதனைக்காக பிரிட்டிஷ்காரர்கள் கடல் தாண்டி வந்தார்கள். 1935 செப்டம்பரில் மால்கம் கேம்பல் இங்கேதான் மணிக்கு 300 மைலைத் தாண்டினார். ஜென்கின்ஸின் காருக்குப் பெயரே மோர்மன் மீட்டியர். அதன் மூன்றாவது வடிவத்தில், விமான இன்ஜின் பொருத்தி, 1940-இல் இன்னொரு ஓட்டுநரின் துணையோடு 24 மணி நேரம் சராசரியாக மணிக்கு 161 மைல் ஓடினார். அந்தச் சாதனை 1990 வரை நின்றது. 1940-இல் ஓடியபோது அவர் சால்ட் லேக் சிட்டியின் மேயர்! மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மேயர் உப்பில் 24 மணி நேரம் கார் ஓட்டுகிறார், ஊரே பெருமைப்படுகிறது. மோர்மன் ஊருக்கும் வேகத்துக்கும் பொருந்தாது என்று யாராவது சொன்னால் இந்த ஒரு மனிதரைக் காட்டுங்கள், போதும்.

பானவிலில் வண்டிகள் வேகச் சாதனைக்காக ஓடும் ஸ்பீட் வீக் ஆகஸ்டில் நடக்கும், 1949-லிருந்து நடக்கிறது. நகரத்திலிருந்து மேற்கே சுமார் 180 கிலோமீட்டர், ஒரே நெடுஞ்சாலை. கிளம்புமுன் நடக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், உப்பு நனைந்துபோனதால் 2014, 2015, 2022 மூன்று வருடமும் ரத்தானது. அங்கே நிழல் என்பதே இல்லை. குடை, தொப்பி, ஆளுக்கு நாலைந்து லிட்டர் தண்ணீர் எடுத்துப் போங்கள். சன்ஸ்கிரீனைத் தாடைக்குக் கீழே, மூக்குத் துவாரத்தின் ஓரம், காதுக்குப் பின்னால் என்று பூசுங்கள், வெயில் மேலிருந்து மட்டுமல்ல, வெள்ளைத் தரையிலிருந்தும் அடிக்கும். நான் தொப்பியை நம்பி முகத்துக்கு மட்டும் பூசிக்கொண்டு போய், இரண்டு நாள் தாடையைத் தொட முடியாமல் இருந்தேன். காலடியில் உப்பு, கருப்பட்டிப் பாகு இறுகினாற்போல நொறுநொறுவென்று உடையும், ஈரமான இடத்தில் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும். தூரத்தில் ஒரு கார் முதலில் கானலுக்குள் கரும்புள்ளியாகத் தெரியும், அப்புறம் கடந்து போகும், சத்தம் அதற்கும் பிறகுதான் வந்து சேரும்.

வண்டிகளைத் தயார் செய்யும் பிட் பகுதியில் நடந்து போய்ப் பேசலாம், வண்டிக்காரர்கள் ஆசையாக விளக்குவார்கள். இங்கே பலர் இளவயதில் சபைக்காக மிஷன், அதாவது மதப் பிரசாரப் பணிக்கு, போனவர்கள், ஆண்கள் இரண்டு வருடம், பெண்கள் ஒன்றரை வருடம், அதனால் இத்தாலியனோ ஸ்பானிஷோ ஜப்பானியமோ சரளமாகப் பேசும் யூட்டாக்காரரைப் பார்ப்பது அதிசயமே இல்லை. வெளிநாட்டு ரசிகர் என்று தெரிந்தால் அவர்களே வந்து பேசுவார்கள், மதத்தைப் பற்றிக் கேட்டாலும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைசி வேலை, காரைக் கழுவுவது. சக்கர வளைவுக்குள்ளும் அடிப்பக்கமும் உப்பு அப்பிக்கொண்டிருக்கும். உப்பு வெளிக்குப் பக்கத்து ஊரான வென்டோவரிலேயே அடிப்பக்கம் வரை தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டுக் கிளம்புங்கள், நகரம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது காய்ந்து சிமெண்ட் மாதிரி இறுகிவிடும்.