சுங்கை சிப்புட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு: நகர வீதியும் வடகரையும் கூடி நடப்போருக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கிராணியாகவும் (எழுத்தர்) டிரஸ்ஸராகவும் (மருத்துவ உதவியாளர்) வேலை பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், தமிழகத்தைப் பூர்வீகமாகக் கொண்ட நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குக் குழுவாகப் போய்வருவது உண்டு. அவ்வாறு செல்வோர் ஒரே நாளில் வேனில் பத்து இடங்களைச் சுற்றி முடிப்பதைவிட, ஒரு காலையை நகரத்துக்கும் மற்றொரு காலையைக் கடற்கரைக்கும் ஒதுக்கி நடந்து பார்ப்பதே மேல். பத்து மணிக்குப் பிறகு அங்குள்ள வெயில் நடக்க விடாது. செம்பனை நிழலில் காலை நடை பழகியவர்கள், நிழலே இல்லாத சுண்ணாம்புக்கல் கரையில் தங்கள் வழக்கமான வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது.

நம்மவர்கள் பெரும்பாலும் ஆண்டிறுதி விடுமுறையில் புறப்படுகிறார்கள். வடகிழக்குப் பருவமழை அங்கே கொட்டுவதும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான். ஜனவரிப் பிற்பகுதியிலிருந்து மார்ச் வரையிலான காலமே நடைக்கு ஏற்றது. ஆகஸ்ட் மாதத்தை ஒட்டி வரும் நல்லூர்க் கந்தனின் 25 நாள் திருவிழாவுக்கு விழாவுக்காகவே போகலாம்; அந்த நெரிசலில் குழுவாக நடக்க இயலாது. இணையவழிப் பயண அனுமதியை முன்கூட்டியே பெற்றுக்கொண்டு, செலவுப் பணத்தைக் கொழும்பிலேயே மாற்றிவிடுவது நல்லது. குழுவில் பத்துப் பேருக்கு மேல் சேர்ந்தால் கடைவீதியில் சிதறிப்போவார்கள்.

நகர நடையைக் கோட்டையில் தொடங்கலாம். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கீசர் எழுப்பிய கோட்டையை, 1658இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர் பின்னர் ஐங்கோண வடிவில் பெரிதாக்கினர். மதிலின் மேலிருந்து பண்ணைக் கடலைப் பார்த்தபின் கோட்டைக்கு அருகிலுள்ள முற்றவெளி என்ற திறந்த திடலுக்கு வந்தால், 1974ஆம் ஆண்டு உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் உயிரிழந்தவர்களுக்கான நினைவிடம் உள்ளது. மலேசியர்கள் இங்கே சற்று நின்றுதான் போக வேண்டும். அம்மாநாட்டு வரிசையில் முதலாவது, 1966இல் கோலாலம்பூரில், அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஊர்காவற்றுறைப் பகுதியைச் சேர்ந்த தனிநாயகம் அடிகளின் முயற்சியால் நடந்தது. அருகிலேயே பொது நூலகம். 1981 மே 31 நள்ளிரவையொட்டி எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களை இழந்த அக்கட்டடம் இன்று மீண்டும் வாசகர்கள் அமர்ந்து படிக்கும் இடமாக இருப்பதால், உள்ளே போகிறவர்கள் கூட்டமாகப் பேசிக்கொண்டு படம் எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். பிறகு நகைக்கடைகள் நிறைந்த கஸ்தூரியார் வீதி வழியாக நடந்து, களைத்தவர்களை ஓட்டோவில் ஏற்றிவிட்டு, நல்லூரில் முடிக்கலாம். கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும் என்பதால் தோளில் ஒரு துண்டு இருப்பது வசதி.

ஒரு காலைதான் கிடைக்கும் என்றால், என் தேர்வு கடற்கரையே. பலர் வடகரை ஊரான வல்வெட்டித்துறையிலிருந்து கிழக்கே பருத்தித்துறை நோக்கி நடந்து, எழுகின்ற வெயிலை முகத்தில் வாங்கிக்கொள்கிறார்கள். மாறாக, விடியற்காலையில் பருத்தித்துறையில் இறங்கி மேற்கே நடந்தால் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்; கடல் வலக்கைப் பக்கம் கூடவே வரும். யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே செல்லப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம் என்பதால், அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் வேன் அமர்த்துவதில் தவறில்லை. வழிக்குத் தட்டையான பருத்தித்துறை வடை வாங்கிக்கொள்ளலாம். நாள்கணக்கில் கெடாது, ஆனால் தண்ணீர்த் தாகத்தைக் கூட்டும். கரையோரக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருக்கும் என்பதால் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது கையில் வேண்டும்.

இலங்கையின் வடகோடியான சக்கோட்டை முனையைக் கடந்து, பொலிகண்டி வழியே வல்வெட்டித்துறைக்கு ஏறக்குறைய ஏழெட்டு கிலோமீட்டர். முருகைக் கற்பாறைகள் (பவளப்பாறைகள்) பாசி படர்ந்து வழுக்கும். கடலில் இறங்கி நடப்பதைவிட வீதியிலேயே நடப்பது பாதுகாப்பு. கரையில் காயும் வலைகளை மிதிக்கவோ, தாண்டவோ கூடாது. வலை பொத்துகிற பெரியவரைக் கேட்காமல் படம் எடுப்பதும் மரியாதையன்று. 'ஐயா' என்று அழைத்து, எங்கிருந்து வருகிறோம் என்று சொன்னால், மலாயாவில் இருந்த தம் உறவினர் கதையை அவரே தொடங்கக்கூடும். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்ததையும் அவ்வூராரிடம் கேட்டறியலாம்.

அங்கிருந்து மேலும் சில கிலோமீட்டர் நடந்தால் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயில். பூசகர் வாயை வெண்துணியால் கட்டிக்கொண்டு செய்யும் மௌனப் பூசையை முடிந்தால் இருந்து பார்க்க வேண்டும். அன்னதானக் கந்தன் என்று பெயர்பெற்ற அக்கோயிலைச் சூழ்ந்த மடங்களில் மதிய உணவு கிடைக்கும். பந்தியில் அமர்ந்து சாப்பிட்டபின், அன்னதானத்துக்கு இயன்றதைக் கொடுக்கலாம். அதற்கும் மேற்கே, பலாலிப் பக்கம், இராணுவம் இன்னும் விடாத நிலங்கள் இருப்பதால் நடையை அங்கேயே நிறுத்திக்கொண்டு, வேனை முற்பகல் பதினொரு மணிக்கே கோயில் வாசலுக்கு வரச் சொல்லிவிடுங்கள்.