குறுமூக்கு வௌவால்களை இனம் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னிந்தியாவில் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் இரண்டு இனம். பெரியது சைனோப்டெரஸ் ஸ்பிங்ஸ். ஊருக்குள் நெட்டிலிங்க மரத்தில் தங்குவது இதுதான். சிறியது சைனோப்டெரஸ் பிராக்கியோட்டிஸ். மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் இருப்பது. நாய்முகம், வெள்ளை விளிம்புள்ள காது, சிறகில் வெளிறித் தெரியும் விரலெலும்பு எல்லாம் இரண்டுக்கும் பொது. இவற்றைப் பார்த்துப் பெயர் எழுதிவிடாதீர்கள்.

மலையில் பார்த்தாலே சிறியது என்று முடிவுகட்டுவதும் தவறு. பெரியதும் மலையேறும்.

நிறம் இன்னும் அதிகமாக ஏமாற்றும். ஸ்பிங்ஸில் வளர்ந்த ஆணுக்குக் கழுத்தைச் சுற்றிச் செம்மஞ்சள் முடி எடுப்பாக இருக்கும். பெண்ணுக்கு மங்கல், குட்டி சாம்பல். ஒரே கூட்டத்திலேயே இத்தனை வேறுபாடு இருக்கும்போது நிறத்தை வைத்து இனத்தைச் சொல்ல முடியாது.

நம்ப வேண்டியது அளவைத்தான். சிறகை மடித்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை காலிப்பரால் (மி.மீ. துல்லியமாக அளக்கும் கவைக்கருவி) அளக்க வேண்டும். பெரியதற்கு 64 முதல் 79 மி.மீ., சிறியதற்குச் சுமார் 57 முதல் 63 மி.மீ. காதையும் சேர்த்து அளப்பது நல்லது: பெரியதற்குப் பெரும்பாலும் 18 மி.மீ.க்கு மேல், சிறியதற்கு அதற்குக் கீழே. பிடித்து அளக்க வனத்துறை அனுமதியும் கையுறையும் கட்டாயம்.

சரி, அளந்தாயிற்று, 61 மி.மீ. வருகிறது. உடனே சிறியது என்று எழுதலாமா? கூடாது. ஸ்பிங்ஸ் குட்டிக்கும் அதே அளவு வரும். சிறகை விரித்துப் பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். விரல் மூட்டை ஒட்டி ஒளி ஊடுருவும் கீற்று தெரிந்தால் அது குருத்தெலும்பு, இன்னும் வளர்கிறது. வளர்ந்ததில் மூட்டு குமிழாகத் திரண்டு, ஒளி புகாமல் இருக்கும். இதை விட்டுவிட்டு எழுதும் அளவால் பயனில்லை என்றே சொல்வேன்.

மூன்றாவது ஒன்றையும் மறந்துவிடக் கூடாது. 1948இல் மேகமலையில் இயற்கையியலாளர் ஆங்கஸ் ஹட்டன் பிடித்த ஒரு வௌவால், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் குறுமூக்கு வௌவால் என்ற பெயரிலேயே பல ஆண்டுகள் கிடந்தது. தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அதை ஆராய்ந்து, 1972இல் தனிப் பேரினமாகவே அறிவித்தார். அதுதான் லாட்டிடென்ஸ் சலிமாலி, பறவையியலாளர் சாலிம் அலியின் பெயர் பெற்ற அரிய வௌவால். அதற்கு வெளியே தெரியும் வால் கிடையாது. குறுமூக்கு வௌவாலுக்கோ கால்களுக்கிடையே குட்டையான வால் இருக்கும். மலைக்காட்டில் எது கிடைத்தாலும் காலிப்பரை எடுக்கும் முன் அந்த வாலைத் தேடிப் பாருங்கள்.