ஸ்லீப் ஏப்னியா: எட்டுக் கேள்விகளைக் கேட்பதில் நடக்கும் தவறுகள்

அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கப் போனால், ஸ்லீப் ஏப்னியா, அதாவது தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும் நோய், இருக்க வாய்ப்புண்டா என்று பார்க்க இப்போது பல மருத்துவமனைகளில் எட்டுக் கேள்விகள் கேட்கிறார்கள். சத்தமாகக் குறட்டை விடுவீர்களா, பகலில் சோர்வாக இருக்கிறதா, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா, பிரஷர் உண்டா என்பவை முதல் நான்கு. அப்புறம் பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண்), வயது, கழுத்துச் சுற்றளவு, ஆணா பெண்ணா என்பவை. ஒவ்வொரு ‘ஆம்’ பதிலுக்கும் ஒரு மதிப்பெண். 0 முதல் 2 வரை வந்தால் ஆபத்து குறைவு, 3 அல்லது 4 என்றால் நடுத்தரம், 5 அல்லது அதற்கு மேல் என்றால் அதிகம். ஸ்டாப்-பேங் என்று பெயர். கனடாவின் டொரன்டோவில் பிரான்சிஸ் சுங் என்ற மயக்கவியல் மருத்துவரின் குழு 2008-ல் வெளியிட்டது.

இரண்டு நிமிட வேலைதான். அதனாலேயே யாரோ ஒருவர் நின்றுகொண்டே கேட்டு, நின்றுகொண்டே டிக் அடித்துவிட்டுப் போய்விடுகிறார். 30 முதல் 69 வயதுக்குள் உலகம் முழுக்க சுமார் 93.6 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று 2019-ல் ஒரு மதிப்பீடு வந்தது. அவர்களில் பெரும்பாலானோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. அவர்களைக் கண்டுபிடிக்க வேண்டிய தாளே சரியாக நிரப்பப்படாவிட்டால் என்ன பயன்?

தூங்குகிறவரிடமே கேட்பது

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கும் மேலண்ணமும் பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடும். நெஞ்சும் வயிறும் மூச்சுக்காக இழுக்கும், ஆனால் காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கியதும் மூளை ஒரு கணம் விழித்துத் தொண்டையைத் திறந்துவிடும். பெரிய உறுமலோடு மூச்சு திரும்பும். இப்படி ஓர் இரவில் நூறு முறை நடந்தாலும் காலையில் அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது.

அப்படிப்பட்டவரைத் தனியாக உட்கார வைத்து “குறட்டை விடுவீங்களா?” என்று கேட்டால் “அதெல்லாம் இல்லைங்க” என்றுதான் சொல்வார். பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவியைக் கூப்பிட்டுக் கேளுங்கள். “விடிய விடிய லாரி ஓடுற மாதிரி இருக்கும். நடுவுல சத்தமே நின்னு போகும், பயந்து தட்டி எழுப்புவேன்” என்று வரும். அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு மதிப்பெண் இருக்கிறது.

கூட யாரும் வரவில்லை என்றால் போன் போட்டுக் கேட்கலாம். தனி அறையில் படுப்பவர், மனைவியை இழந்தவர், விடுதியில் இருப்பவர் என்றால் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதாமல் ‘பார்க்க ஆளில்லை’ என்று எழுத வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. படிவத்தில் அதற்கு இடம் இருக்காது, ஓரத்தில் எழுதினால் போதும்.

இன்னொரு சிக்கல், நம் வீடுகளில் குறட்டையை யாரும் நோயாகப் பார்ப்பதில்லை. உழைத்த உடம்பு, அசந்து தூங்குகிறார் என்று பெருமையாகவே சொல்வார்கள். அதனால் குறட்டை உண்டா என்பதோடு நிறுத்தாமல், கதவைச் சாத்தினாலும் கேட்குமா, நடுவில் நின்று நின்று வருமா, மூச்சு முட்டி எழுந்து உட்கார்வாரா என்று கேட்க வேண்டும்.

பிரஷர் இல்லை என்ற பதில்

அடிக்கடி தவறவிடும் மதிப்பெண் இதுதான் என்பது என் கணிப்பு. “பிரஷர் இருக்கா?” என்று கேட்டால், தினமும் இரண்டு மாத்திரை போடுகிறவர்கூட “இல்லை, நார்மல்” என்பார். மாத்திரையால் நார்மலாக இருக்கிறது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார். கேள்வியோ, உயர் ரத்த அழுத்தம் இருக்கிறதா அல்லது அதற்குச் சிகிச்சை எடுக்கிறீர்களா என்பது. மருந்துச் சீட்டை வாங்கிப் பார்ப்பதுதான் நிச்சயமான வழி. மூன்று வகை மாத்திரை போட்டும் அடங்காத பிரஷர் என்றால், மற்ற கேள்விகளுக்கு வரும் பதில் எப்படி இருந்தாலும் ஸ்லீப் ஏப்னியாவை நினைக்க வேண்டும்.

சோர்வு பற்றிய கேள்வியும் இப்படித்தான். “வயசாயிடுச்சு, சுகர் இருக்கு, சோர்வு இருக்கத்தானே செய்யும்” என்று பதில் வரும். பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண் சொக்குகிறதா, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கி விழுந்ததுண்டா, வண்டி ஓட்டும்போது கண் அயர்ந்ததுண்டா என்று நடப்பைச் சொல்லிக் கேட்டால் பிடி கிடைக்கும்.

லாரி, பஸ் ஓட்டுநர்களிடம் இதுவும் பலிக்காது. “தூக்கம் வருது” என்று சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானது. அவர்களிடம் கழுத்தை அளந்து, பிரஷர் பார்த்து, எடை போட்டு வரும் எண்களை நம்புவது நல்லது. பதில் யாருக்குப் போகும், எதற்குப் பயன்படும் என்பதை முன்னாலேயே சொல்லிவிட்டால் சிலர் மனம் திறப்பார்கள்.

எண்கள் யாருடைய உடம்புக்கு?

ஸ்டாப்-பேங்கில் பிஎம்ஐ 35-ஐத் தாண்டினால்தான் ஒரு மதிப்பெண். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 95 கிலோவைத் தாண்டியிருக்க வேண்டும். நம் மருத்துவர்களோ 25-க்கு மேல் போனாலே உடற்பருமன் என்கிறார்கள். அதே உயரத்துக்கு அது வெறும் 68 கிலோ. ஆசியர்கள் பலருக்குத் தாடை சிறியதாக, சற்றுப் பின்தள்ளி இருப்பதால் எடை அவ்வளவு கூடாமலே மூச்சுப்பாதை அடைபடுகிறது. அதனால் ஆசிய ஆய்வுகள் சிலவற்றில் 30 அல்லது 27.5 என்று எல்லையைக் குறைத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். உங்கள் மருத்துவமனை எந்த எண்ணை வைத்துக்கொள்கிறது என்பதை முடிவு செய்து படிவத்திலேயே அச்சிட்டுவிடுங்கள். ஆளுக்கொரு எண் கூடாது. ஒல்லியாக இருக்கிறார் என்பதற்காகத் தாளையே எடுக்காமல் விடுவது அதைவிட மோசம். வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையையும், பக்கவாட்டில் நின்று தாடையையும் பார்க்க அரை நிமிடம் போதும்.

கழுத்தை டேப் வைத்துக் குரல்வளை மேட்டின் மட்டத்தில் அளக்க வேண்டும். கண்ணால் பார்த்துப் போடும் எண் உதவாது. முதலில் வந்த தாளில் எல்லோருக்கும் 40 சென்டிமீட்டர். பின்னால் வந்த வடிவத்தில் ஆணுக்கு 43, பெண்ணுக்கு 41. இரண்டு தாள்களும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, எது கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

பெண்களுக்கு இந்தத் தாள் கொஞ்சம் அநியாயம் செய்கிறது. ஆண் என்பதற்கே ஒரு மதிப்பெண் இருப்பதால் அவர்கள் ஒன்று பின்னால் இருந்துதான் தொடங்குகிறார்கள். அறிகுறிகளும் வேறு மாதிரி இருக்கும்: தூக்கம் பிடிக்கவில்லை, காலையில் தலைவலி, நாள் முழுக்க அசதி, மனச்சோர்வு. இதற்கெல்லாம் தூக்க மாத்திரை எழுதி அனுப்பிவிடுவதும் நடக்கிறது. ஏப்னியா உள்ளவருக்கு அந்த மாத்திரை தொண்டையை இன்னும் தளர்த்திவிடலாம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்த நோய் கூடுகிறது என்பதால், நாற்பது வயதில் எடுத்த ‘ஆபத்து குறைவு’ தாளை ஐம்பத்தைந்தில் நம்பக்கூடாது.

குழந்தைகளுக்கு இந்தத் தாளே கூடாது. அவர்களுக்குப் பெரும்பாலும் டான்சிலும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் வீங்கியிருப்பதுதான் காரணம். பகலில் தூங்கி வழிவதற்குப் பதில் துறுதுறுவென்று அடங்காமல் இருப்பார்கள், படுக்கையை நனைப்பார்கள், வாயால் மூச்சு விடுவார்கள்.

தூக்கம் வரவில்லையே, அப்போ நோய் இல்லைதானே?

எப்வொர்த் என்று இன்னொரு தாள் இருக்கிறது. 1991-ல் ஆஸ்திரேலியாவின் மரே ஜான்ஸ் உருவாக்கியது. எட்டுச் சூழல்களில் கண் அயரும் வாய்ப்பு எவ்வளவு என்று 0 முதல் 3 வரை போடவேண்டும். 10-ஐத் தாண்டினால் பகல் தூக்கம் அதிகம். அது அளப்பது தூக்கக் கலக்கத்தை மட்டும்தான், ஏப்னியாவை அல்ல. இதய பலவீனம் உள்ளவர்கள், இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்கள் பலருக்குக் கடுமையான ஏப்னியா இருந்தும் தூக்கக் கலக்கமே இருக்காது. புத்தகம் படிக்கும்போது, நெரிசலில் நிற்கும் காரில் என்றெல்லாம் அதில் சூழல்கள் வருகின்றன. படிக்கும் பழக்கமும் காரும் இல்லாதவர் பூஜ்யம் போட்டுவிட்டுப் போவார்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் பகலில் 98 காட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, பிரச்சினை தூங்கும்போதுதான். ஸ்மார்ட் வாட்ச் எச்சரித்தால் டாக்டரைப் பாருங்கள், எச்சரிக்கவில்லை என்பதற்காக நிம்மதி அடையாதீர்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. அறிகுறி எதுவுமே இல்லாத பொதுமக்கள் எல்லோருக்கும் முகாம் போட்டு இந்தக் கேள்விகளைக் கேட்பதால் நன்மை உண்டா என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022-ல் சொன்னது. மதிப்பெண் 5 வந்துவிட்டது என்று நேராக சிபாப் மெஷினை (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் கருவி) விற்பதும் தவறு. கேள்வித்தாள் யாரைச் சோதிக்கலாம் என்று பிரித்துத் தருகிறது. நோயை உறுதி செய்ய ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூங்கும்போது மூச்சைப் பதிவு செய்து பார்க்கும் சோதனை, வேண்டும்.

வீட்டுச் சோதனையின் கணக்கு

ஸ்லீப் லேபில் படுத்தால் மூளை அலையும் பதிவாகும், எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பது தெரியும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் கருவிகள் பலவற்றில் அது இல்லை. மெஷின் ஓடிய நேரத்தையே வகுத்தலுக்கு எடுத்துக்கொள்ளும். எட்டு மணி நேரம் ஓடிய மெஷினில் 80 முறை மூச்சு அடைபட்டதாகப் பதிவானால் மணிக்கு 10, லேசான நோய். அவர் உண்மையில் ஐந்து மணி நேரம்தான் தூங்கினார் என்றால் மணிக்கு 16. 15-ஐத் தாண்டியதால் அது நடுத்தர வகை. அறிக்கை ‘இல்லை’ என்று வந்து, சந்தேகம் மட்டும் பலமாக இருந்தால் லேபில் ஒரு ராத்திரி படுக்க வைக்க வேண்டும். இதய பலவீனம், நுரையீரல் நோய், பக்கவாதம், தசை பலவீனம் உள்ளவர்களையும், ஓபியாய்டு (மார்பின் போன்ற) வலி மருந்து தொடர்ந்து எடுப்பவர்களையும் முதலிலேயே லேபுக்கு அனுப்புவதுதான் முறை.

அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவது

மதிப்பெண் அதிகம் என்றதும் ஆபரேஷனை ரத்து செய்து ஸ்லீப் ஸ்டடிக்கு அனுப்பிவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இதயமும் நுரையீரலும் கட்டுக்குள் இருந்தால், அதற்காக மட்டும் தள்ளிப்போட ஆதாரம் போதாது என்பதே மயக்கவியல், தூக்க மருத்துவச் சங்கம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். அதற்குப் பதிலாக, ஏப்னியா இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு திட்டமிடலாம்: தூக்கம் தரும் மருந்துகளையும் ஓபியாய்டுகளையும் குறைப்பது, முடிந்த இடத்தில் உடல் பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்வது, ஆபரேஷனுக்குப் பின் மல்லாக்கப் படுக்க விடாமல் தலையை உயர்த்தி வைத்து ஆக்ஸிஜனைக் கண்காணிப்பது. ஏற்கெனவே சிபாப் வைத்திருப்பவரிடம் மெஷினையும் மாஸ்க்கையும் கையோடு கொண்டுவரச் சொல்ல வேண்டும். பலர் அதைப் பத்திரமாக வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள்.

காயம் ஆறி வீட்டுக்குப் போகும் நாளில் அந்த எட்டுக் கேள்வித் தாள் கோப்போடு ரெக்கார்டு அறைக்குப் போய்விடுகிறது. மதிப்பெண்ணை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏற்றி, எந்த டாக்டரிடம், எந்த வாரத்தில் ஸ்லீப் ஸ்டடிக்குப் போக வேண்டும் என்பதையும் எழுதி, அதை நோயாளியின் மனைவிக்கும் ஒருமுறை படித்துச் சொல்லி அனுப்புங்கள்.