டிராவா, டையா? மைக்கில் சொல்வதற்கு முன்

கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை வட்டாரத்து மைதானங்களில் கால்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் பெரும்பாலும் ஒரே மைக்செட், ஒரே அறிவிப்பாளர். பாறசாலைக்காரர் 'சமநில' என்பார், மார்த்தாண்டத்துக்காரர் 'சமநிலை' என்பார். பேச்சுக்கு அது போதும். ஸ்கோர் புத்தகத்திலோ நோட்டீஸிலோ எழுதும்போதுதான் டிராவும் டையும் இடம் மாறிவிடுகின்றன.

கால்பந்து முடிவுக்கு டிரா என்ற ஒரே சொல்தான். 2-2 என்றாலும் 0-0 என்றாலும் டிரா, லீக்கில் ஆளுக்கு ஒரு புள்ளி. 'மேட்ச் டை ஆயிடுச்சு' என்று சொல்ல வேண்டாம்.

கிரிக்கெட்டில்தான் சிக்கல். டெஸ்டில் ரன் சமமாக இருந்தால் மட்டும் டை ஆகாது. கடைசியாக ஆடும் அணியின் இன்னிங்ஸும் முடிந்திருக்க வேண்டும். விக்கெட் மிச்சமிருக்க, நேரமோ ஓவரோ தீர்ந்துபோனால் அது டிரா.

1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவுக்கு இலக்கு 348. கடைசி ஓவரில் ரவி சாஸ்திரி ஒரு ரன் எடுத்ததும் ஸ்கோர் சமம். இந்தியா 347, ஒன்பது விக்கெட். மணீந்தர் சிங் நாலாவது பந்தைத் தடுத்தார், ஐந்தாவதில் எல்.பி.டபிள்யூ. பத்தாவது விக்கெட்டும் போனதால் டை. அந்தப் பந்தையும் அடுத்ததையும் அவர் ரன் இல்லாமல் தடுத்திருந்தால் அதே 347 டிராவாகியிருக்கும். 2011 நவம்பரில் மும்பையில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக அப்படித்தான் நடந்தது. 243 தேவை, கடைசிப் பந்தில் இரண்டாவது ரன்னுக்கு ஓடி அஸ்வின் ரன் அவுட். 242-க்கு 9, ஒரு விக்கெட் மிச்சம், எனவே டிரா. டெஸ்ட் வரலாற்றில் டை இரண்டே இரண்டு: 1960 பிரிஸ்பேன், 1986 சென்னை.

ஓவர் கணக்கு வைத்து ஆடும் ஆட்டத்தில் விக்கெட்டைப் பார்க்க வேண்டாம். இரு அணிக்கும் ஓவர் முடிந்து ரன் சமம் என்றால் டை. 2019 உலகக் கோப்பை இறுதியில் நியூசிலாந்து 241-க்கு 8, இங்கிலாந்து 241-க்கு ஆல் அவுட். டை ஆனதால்தான் சூப்பர் ஓவர் (ஆளுக்கு ஒரு கூடுதல் ஓவர்) வந்தது. மழை கொட்டி, முடிவு தெரியாமலே ஆட்டம் நின்றுபோனால் அது டிராவும் இல்லை, டையும் இல்லை. 'முடிவு இல்லை' என்று எழுதுங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் குமரி மாவட்டத்தில் அதிகம் தப்பாகப் பதிவாவது இதுதான்.

ஆங்கிலச் செய்தியைத் தமிழில் போடுகிறவர் வழுக்கும் இடம் வேறு. கால்பந்தில் 'கப் டை' என்றால் நாக்அவுட்டில் இரு அணிகள் மோதும் சுற்று. உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என இரண்டு ஆட்டம் நடந்தாலும் சேர்த்து ஒரே டைதான். டேவிஸ் கோப்பையிலும் இரு நாடுகள் மோதும் மொத்தப் போட்டிக்கு டை என்று பெயர். இனிமேல் நடக்கப்போகிற ஆட்டத்தை டை என்று எழுதியிருந்தால், அதை 'சமன்' என்று போடாதீர்கள், 'மோதல்' என்று போடுங்கள்.

டிராவுக்கும் இன்னொரு பொருள் உண்டு: சீட்டுக் குலுக்கல். யாருக்கு யார் என்று எடுப்பது டிரா, அதை எழுதி ஒட்டுகிற தாள் டை ஷீட். இங்கே கணக்குப் பிசகக் கூடாது. நாக்அவுட்டில் 11 அணி என்றால் அடுத்த பெரிய எண் 16 (4, 8, 16, 32 வரிசையில்). 16-இல் 11 போக 5 அணிக்கு பை, அதாவது ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும். மிச்சம் 6 அணி மூன்று ஆட்டம் ஆடும். ஜெயித்த மூன்றும் பை வாங்கிய ஐந்தும் சேர்ந்து எட்டு. மொத்தம் 10 ஆட்டம். பை முழுவதையும் முதல் சுற்றிலேயே கொடுத்துவிட வேண்டும். முதல் சுற்றில் ஒரே பை கொடுத்தால் 11 ஆறாகும், ஆறு மூன்றாகும். அரையிறுதியில் மூன்று அணி நிற்கும், கமிட்டியோடு சண்டைதான்.

டைபிரேக்கர் என்று நாம் சொல்கிற பெனால்டி ஷூட்அவுட்டில் ஜெயித்தாலும் ஆட்டத்தின் ஸ்கோர் மாறாது. 2022 உலகக் கோப்பை இறுதிக்கு 'அர்ஜென்டினா 3, பிரான்ஸ் 3. பெனால்டியில் அர்ஜென்டினா 4-2' என்பதே சரியான பதிவு. இரண்டையும் கூட்டி 7-5 என்று எழுதுகிற நோட்டீஸ் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.