எடிசனில் செவ்வாய் இரவு, எனக்குப் புதன் விடியற்காலை

இணையத்தில் பாட்டு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த முதல் வருடம், அக்டோபர் மாதத்து முதல் ஞாயிறு. வழக்கம்போல் காலை 11.30 மணிக்கு ஸூமைத் திறந்தேன். மெல்போர்னில் இருக்கும் ஒன்பது வயதுப் பிள்ளை ஏற்கெனவே வாசலில் காத்திருப்பதாகத் திரை காட்டியது. உள்ளே விட்டதும் முதலில் கேட்டது சுருதிப் பெட்டியின் சத்தம். "மிஸ், நாலு மணிலேர்ந்து சுருதி போட்டு வச்சிட்டு உக்காந்திருக்கேன்" என்றாள். அவள் ஊரில் அப்போது மணி ஐந்து. அன்று விடியற்காலை 2 மணிக்கு அங்கே கடிகாரங்களை 3 மணிக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியவில்லை. ஒரு குழந்தை ஒரு மணி நேரம் தனியாக ஸட்ஜத்தோடு உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு இந்தக் கணக்கை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். கும்பகோணத்தில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடி சிங்கப்பூர், மெல்போர்ன், லண்டன், நியூ ஜெர்சியின் எடிசன் என்று நான்கு ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாட்டு நடக்கிறது. பாட்டு, நாட்டியம், டியூஷன் என்று வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு எது சொல்லிக்கொடுத்தாலும், பேரப்பிள்ளையோடு வாராவாரம் பேசுகிறவர்களானாலும், இது உதவும்.

உலக நேரத்துக்கு அடிப்படையான லண்டன் கிரீன்விச் நேரத்தைவிட நாம் ஐந்தரை மணி முன்னால். முதலில் இந்த 5.30 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் கணக்கு மனதில் நிற்கும். பூமி ஒரு சுற்றுக்கு 360 பாகை, 24 மணி நேரம். அப்படியென்றால் ஒரு பாகைக்கு 4 நிமிடம். இந்திய நேரம் கிரீன்விச்சுக்குக் கிழக்கே 82.5 பாகையில், உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் பக்கமாகப் போகும் கோட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 82.5-ஐ நான்கால் பெருக்கினால் 330 நிமிடம், அதாவது ஐந்தரை மணி. 1906-இல்தான் இது வந்தது. அதற்கு முன் மதராஸுக்கென்றே தனி நேரம் இருந்தது. இன்றைய இந்திய நேரத்துக்குச் சுமார் 9 நிமிடம் பின்னால்.

அந்த அரை மணிதான் நம்மைத் தடுமாற வைக்கிறது. அதனால் எந்த ஊருக்கும் நேராகக் கழிக்காதீர்கள். முதலில் 5.30-ஐக் கழித்து கிரீன்விச்சுக்குப் போங்கள், அங்கிருந்து அடுத்த ஊருக்குப் போங்கள். ஜூலையில் புதன் காலை 6.30-க்கு எடிசனில் மணி என்ன? ஐந்தரையைக் கழித்தால் கிரீன்விச்சில் புதன் அதிகாலை 1.00. கோடையில் எடிசன் அதற்கு 4 மணி பின்னால். ஆக, செவ்வாய் இரவு 9.00. கிழமை மாறியது எந்தப் படியில் என்பதும் இதில் கண்ணெதிரே தெரியும்.

முதல் படியைக் கணக்கே போடாமல் முடிக்க ஒரு வழி உண்டு. முள் கடிகாரம் வேண்டும். கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தைக் கழற்றி, 12 கீழே வரும்படி தலைகீழாகப் பிடியுங்கள். எண்களை மறந்துவிட்டு முட்களை மட்டும், மேலே இருப்பதுதான் 12 என்று நினைத்துப் படியுங்கள். நமக்கு மதியம் 2.30 என்றால் பெரிய முள் 6-இல், சின்ன முள் 2-க்கும் 3-க்கும் நடுவில். தலைகீழாக்கினால் பெரிய முள் உச்சிக்கு வரும், சின்ன முள் 8-க்கும் 9-க்கும் நடுவில் விழும், அதை 9 என்று எடுத்துக்கொண்டால் மணி 9.00. அதுதான் கிரீன்விச் நேரம். குளிர்காலத்தில் லண்டன் நேரமும் அதுவே. துல்லியமாக நிற்க வேண்டிய இடத்துக்குச் சின்ன முள் எப்போதும் அரை மணித் தூரம் பின்னால் இருக்கும். அதைச் சேர்த்துப் படித்தால் மணி சரியாகவே வரும். என் மாணவிகளுக்கு இதைக் காட்டும்போது அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷம்.

அமெரிக்காவுக்கு வேறொரு சுருக்குவழி. காலையை மாலையாக்கிக் கொள்ளுங்கள், பிறகு கொஞ்சம் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள். எடிசன், நியூயார்க், டொராண்டோவுக்குக் கோடையில் இரண்டரை மணி கூட்ட வேண்டும், குளிரில் ஒன்றரை. நம் காலை 7.00 அங்கே கோடையில் முந்தின நாள் இரவு 9.30, குளிரில் 8.30. கலிபோர்னியாவுக்குக் குறைக்க வேண்டும்: கோடையில் அரை மணி, குளிரில் ஒன்றரை. அதே காலை 7.00 அங்கே முந்தின நாள் மாலை 6.30 அல்லது 5.30.

சிங்கப்பூர் சுலபம். வருடம் முழுக்க நமக்கு இரண்டரை மணி முன்னால், மாறுவதே இல்லை. யாழ்ப்பாணத்துக்கும் நமக்கும் ஒரே நேரம். 1996 முதல் 2006 வரை இலங்கை நேரம் வேறாக இருந்தது, இப்போது இல்லை. என் லண்டன் மாணவியின் அம்மம்மா யாழ்ப்பாணத்திலிருந்து பேத்தி பாடுவதைக் கேட்க வருவார். அவருக்கு மட்டும் நான் எதையும் மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி நிஜமான சிக்கல், கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைக்கும் கோடைக்கால நேரம். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு ஆரம்பித்து நவம்பர் முதல் ஞாயிறு முடியும். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை. மெல்போர்னிலும் சிட்னியிலும் பருவமே தலைகீழ் என்பதால் அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு முடிவு. ஆனால் அதே ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இது கிடையாது. அமெரிக்காவின் அரிசோனாவிலும் பெரும்பகுதியில் கிடையாது. அதனால் நாட்டைக் கேட்காதீர்கள், ஊரைக் கேளுங்கள்.

இந்தத் தேதிகளைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. வகுப்பு யாருடைய கடிகாரத்தில் நிற்கிறது? இதை முதல் நாளே பெற்றோரிடம் பேசி முடிவு செய்யாததால்தான் மற்ற குழப்பமெல்லாம். நான் பிள்ளையின் கடிகாரத்தில் நிறுத்துகிறேன். பள்ளிக்கூடம், சாப்பாடு, தூக்கம் எல்லாம் அவர்கள் ஊர் நேரத்தில் நடக்கின்றன. எடிசன் மாணவிக்கு எப்போதும் செவ்வாய் இரவு 7.30. எனக்கு அது குளிரில் புதன் காலை 6.00, கோடையில் 5.00. நகர்வது நான்தான். விடியலில் குரல் நன்றாகத் திறந்திருக்கும், எனக்கு அதில் மனக்குறை இல்லை. கோயில், ஆபீஸ், சமையல் என்று உங்கள் நேரத்தை அசைக்க முடியாதென்றால் உங்கள் கடிகாரத்தில் நிறுத்துங்கள், தவறில்லை. ஆனால் அதை வாயால் சொல்லிவிடுங்கள்.

பிள்ளையின் கடிகாரத்தில் நிறுத்தினால் இன்னொன்று கவனிக்க வேண்டும். அந்த மெல்போர்ன் பிள்ளையின் ஞாயிறு மாலை 4.00, எனக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 11.30; மற்ற மாதங்களில் 10.30. சிங்கப்பூர் பையனுக்கு ஞாயிறு மதியம் 1.00, எனக்கு அதுவும் 10.30! இரண்டும் முட்டிக்கொண்டன. அவனை என் 9.30-க்கு மாற்ற அவன் அம்மாவிடம் கெஞ்ச வேண்டியதாயிற்று. இப்போது என் நோட்டில் கடிகாரம் மாற்றும் ஊர்ப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் இரண்டு கட்டம் ஒதுக்குகிறேன்: ஒன்று பேனாவில், ஒன்று பென்சிலில். பென்சில் கட்டத்தில் வேறு யாரையும் வருடம் முழுவதற்கும் என்று போடுவதில்லை.

இரண்டு கண்டத்துப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் என்றால் இன்னும் கவனம் வேண்டும். சனிக்கிழமை லண்டன் பிள்ளையும் எடிசன் பிள்ளையும் சேர்ந்து வர்ணம் பாடுகிறார்கள். லண்டனில் மதியம் 3.00, எடிசனில் காலை 10.00, ஐந்து மணி இடைவெளி. ஆனால் 2025-இல் அமெரிக்கா மார்ச் 9 அன்றே கடிகாரத்தைத் தள்ளிவிட்டது, பிரிட்டன் மார்ச் 30 அன்றுதான் தள்ளியது. நடுவில் மூன்று சனிக்கிழமைகள் இடைவெளி நான்கு மணியாகிவிட்டது. இலையுதிர் காலத்தில் திரும்பவும் ஒரு சனி, நவம்பர் 1. அந்த நான்கு வகுப்புகளுக்கும் லண்டன் நேரத்தை அசைக்காமல் எடிசனை 11 மணிக்கு வரச் சொன்னேன். லண்டன் பிள்ளைக்கு 2 மணி வரை நீச்சல், எடிசன் பிள்ளைக்குக் காலை முழுக்க ஓய்வு, அதுதான் காரணம். அனுப்பிய செய்தி இப்படி இருந்தது:

சனி, மார்ச் 15
லண்டன்: மதியம் 3.00
எடிசன்: காலை 11.00 (இந்த மாதம் 15, 22, 29 மட்டும்)
கும்பகோணம்: இரவு 8.30

கிழமை, தேதி, ஊர்ப் பெயர் மூன்றும் இல்லாமல் நேரம் எழுதவே எழுதாதீர்கள். "நாளைக்கு" வேண்டாம், நான் அனுப்பும்போது இருக்கும் நாளை, அவர்கள் படிக்கும்போது இன்று. "ஈ.எஸ்.டி", "ஐ.எஸ்.டி" போன்ற எழுத்துகளும் வேண்டாம். நாம் இந்திய நேரத்தைச் சொல்வதுபோலவே ஐ.எஸ்.டி என்று அயர்லாந்தும் இஸ்ரேலும்கூடத் தங்கள் நேரத்தைச் சொல்கின்றன. ஈ.எஸ்.டி என்பது அமெரிக்கக் கிழக்குப் பகுதியின் குளிர்கால நேரம் மட்டும். ஜூலையிலும் பழக்கத்தில் அப்படியே எழுதுகிறார்கள். "எடிசன் நேரம்" என்றால் யாருக்கும் சந்தேகம் வராது.

நம் பேச்சிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. நமக்கு விடிந்தால்தான் அடுத்த நாள். வெள்ளி பிறந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தாலும் "வியாழன் ராத்திரி 2 மணி" என்போம். "வெள்ளி இரவு 12 மணி" என்றால் வெள்ளியின் தொடக்கமா முடிவா என்று கேட்கிறவருக்கே தெரியாது. நள்ளிரவு பக்கம் வரும் நேரங்களை 11.55 என்றோ 12.05 என்றோ தேதியோடு எழுதுங்கள்.

இவ்வளவையும் தலையில் சுமக்க வேண்டியதில்லை. போனில் இருக்கும் கூகுள் காலண்டரில் வகுப்பைப் பதியும்போது நேர மண்டலம் கேட்கும் இடத்தில் இந்தியாவை விட்டுவிட்டு மெல்போர்னைத் தேர்ந்தெடுங்கள். மாலை 4.00 என்று வாராவாரம் வரும்படி போட்டுவிட்டால் அக்டோபரில் அதுவே உங்கள் பக்கம் ஒரு மணி நகர்ந்து காட்டும். ஆனாலும் கடிகாரம் மாறும் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பெற்றோருக்கு ஒரு வரி அனுப்புவதை நான் விட்டதில்லை.

விஜயதசமிக்குப் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது கேட்பார்கள்: "மிஸ், இங்கே ராகு காலம் எத்தனை மணிக்கு?" இந்திய நேரத்தை மாற்றிச் சொன்னால் தவறு. ராகு காலம் அந்தந்த ஊர்ப் பகல்பொழுதின் எட்டில் ஒரு பங்கு. ஞாயிறன்று எட்டாவது பங்கு, சூரியன் மறையும்போது முடியும். எடிசனில் டிசம்பரில் மாலை 4.30-க்கே சூரியன் இறங்கிவிடும். நம் காலண்டரின் 4.30 – 6.00 அங்கே இருட்டு. திதி அப்படியல்ல. அது சூரிய சந்திரக் கணக்கு. உலகம் முழுக்க ஒரே கணத்தில் முடியும், அதை மட்டும் மாற்றிக் கொள்ளலாம். தசமி நமக்குப் பகல் 2.00-க்கு முடிந்தால் எடிசனில் அதே தேதி அதிகாலை 4.30-க்கு, விடியும் முன்பே முடிந்துவிடும். அப்படிப்பட்ட வருடம் அவர்களை முந்தின நாள் மாலையே தாம்பூலத் தட்டோடு உட்காரச் சொல்லுங்கள்.