போசணைப் பட்டப்படிப்புக்கு முன் ஒரு பயிற்சி: நேற்றுச் சாப்பிட்டதை அளப்பது எப்படி?

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் பரீட்சை எழுதிவிட்டு, மருத்துவம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். மனித போசணையைத் தோற்றவர் படிப்பாக எண்ண வேண்டாம். முதல் ஆண்டுகளில் உயிரிரசாயனமும் உடற்றொழிலியலும் உங்களை நன்றாகவே வேலை வாங்கும். பாடங்களும் ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

விண்ணப்பம்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை எடுத்து, ‘உணவு விஞ்ஞானமும் போசணையும்’ என்ற கற்கைநெறிக்கு உரிய பாடத் தகைமையைப் பாருங்கள். வயம்ப பல்கலைக்கழகம் அதை மாகந்துர வளாகத்தில் நடத்துகிறது. முல்லைத்தீவிலிருந்து அது தூரம்தான், ஆனால் விடுதியில் தங்கிப் படிக்கப் பழகியவர்களுக்கு அது பெரிய தடையல்ல. அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. வன்னி மாவட்டங்களும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. ஆகவே கொழும்பின் இசட் புள்ளியைப் பார்த்துச் சோர்ந்துபோகாதீர்கள். அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாயபீடம் வீட்டுக்குப் பக்கம்தான். ஆனால் அது தருவது விவசாயப் பட்டம், போசணைப் பட்டம் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் விருப்பப் பட்டியலை நிரப்புங்கள்.

பெறுபேறு வந்து வகுப்புத் தொடங்கும் வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் செய்யத்தக்க பயிற்சி ஒன்று உண்டு. போசணை மாணவர்கள் அதை ‘24 மணிநேர உணவு மீட்டல்’ என்பார்கள். ஒருவர் நேற்று என்னென்ன, எவ்வளவு சாப்பிட்டார் என்று கேட்டு எழுதுவதுதான் வேலை. கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? செய்து பாருங்கள்.

படி 1: கேட்பது

அம்மம்மாவிடமிருந்து தொடங்குங்கள். “காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?” என்று கேட்காதீர்கள். காலையில் சாப்பிட்டே ஆக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. சாப்பிடாதவரும் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவார். “நேற்று எழும்பியதும் முதலில் வாயில் வைத்தது என்ன?” என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல, இடைமறிக்காமல் எழுதுங்கள்.

அடுத்து, மறந்தவற்றைத் தேடுங்கள்: தேநீர், கச்சான், வயலுக்குப் போகிற வழியில் பறித்துத் தின்ற பாலைப்பழம். பிறகு நேரத்தையும் இடத்தையும் கேளுங்கள். அதன்பின் அளவு. கடைசியாக முழுவதையும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். ஐந்து சுற்றாகக் கேட்பது உலகெங்கும் உள்ள வழக்கம். ஒரே சுற்றில் முடித்தால் தேநீர்ச் சீனி கட்டாயம் விடுபடும். நாளுக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தட்டைத் தேக்கரண்டி சீனி என்றால் ஏறத்தாழ 32 கிராம். அது 128 கிலோகலோரி, அதாவது 100 கிராம் சோற்றுக்குச் சமம்.

“ஐயோ, இவ்வளவு சீனியா?” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த முறை அம்மம்மா ஒரு தேநீரை மறைத்துவிடுவார். அயல்வீடுகளில் இன்னும் கவனம் தேவை. ஒரு நேரம் அடுப்பு எரியாத வீடும் உண்டு, அதை வெளியில் சொல்லக் கூசுபவர்களும் உண்டு.

படி 2: அளப்பது

இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். உங்களுக்கு வேண்டியது ஒரு சமையலறைத் தராசு மட்டும்தான். நேற்றைய சாப்பாடு கையில் இருக்காது, ஆகவே அதே உணவை வீட்டில் அடுத்த முறை சமைக்கும்போது நிறுத்துப் பாருங்கள். புட்டை எடுத்துக்கொள்வோம். மாவையும் தேங்காய்ப்பூவையும் அவிக்குமுன் நிறுங்கள். அவித்த பிறகு முழுப் புட்டையும் நிறுங்கள். அரிசிமா 400 கிராம், தேங்காய்ப்பூ 200 கிராம், அவித்த புட்டு 900 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிகுதி எல்லாம் தண்ணீர். ஒருவர் 225 கிராம் சாப்பிட்டால், அது மொத்தத்தில் காற்பங்கு. அப்படியானால் அவர் சாப்பிட்டது 100 கிராம் மாவும் 50 கிராம் தேங்காய்ப்பூவும். மாவில் ஏறத்தாழ 360, தேங்காயில் 175, ஆக 535 கிலோகலோரி. கறியும் சம்பலும் இன்னும் சேரவில்லை.

சோற்றிலும் பருப்பிலும் பொறி ஒன்று இருக்கிறது. 100 கிராம் அரிசி சுமார் 350 கிலோகலோரி, 100 கிராம் சோறு சுமார் 130. உணவுக் கூற்று அட்டவணையில் (எந்த உணவில் எந்தச் சத்து எவ்வளவு என்று காட்டும் பட்டியல்) ‘பச்சை’, அதாவது சமைக்காத, வரிசையில் பார்த்துவிட்டு, சோற்றின் நிறையால் பெருக்கினால் ஆளுக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஊட்டிவிட்டீர்கள் என்று பொருள். உலர்ந்த பருப்புக்கும் அவித்த பருப்புக்கும் இதே கதைதான்.

அளக்க மிகக் கடினமானவர் அம்மா. எல்லோரும் சாப்பிட்ட பின், நின்றபடியே, சட்டியில் ஒட்டியிருப்பதோடு சோற்றைப் பிசைந்து சாப்பிடுகிறவருக்குக் கோப்பை ஏது, அளவு ஏது? அவர் சாப்பிடத் தொடங்குமுன் சட்டியை நிறுங்கள், முடிந்த பின் மறுபடி நிறுங்கள். அவர் சிரிப்பார், பரவாயில்லை.

படி 3: கணக்கு

ஒரு கிராம் காபோவைதரேற்றுக்கு 4, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 கிலோகலோரி. இதை மனப்பாடமாக்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் அட்டவணையில் உள்ளது அப்படியே உடலில் சேர்வதில்லை. முருங்கையிலைச் சுண்டலில் இருக்கும் இரும்பில் உடல் உறிஞ்சுவது கொஞ்சம்தான். தேசிக்காய்ப் புளி விட்டால் அது கூடும், சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் குறையும். அதனால் தேநீரின் நேரத்தையும் குறிப்பில் எழுதுங்கள்.

படி 4: இன்னொரு நாள், இன்னொரு நாள்

ஒரு நாள் உணவை வைத்து ஒருவருடைய வழக்கத்தைச் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை சைவம் பிடிக்கும் வீட்டில் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டை மட்டும் கேட்டால், விற்றமின் பி12 பாலிலிருந்து வரும் சிறிதளவோடு நின்றுவிடும். முந்தின நாள் குளத்து மீன் குழம்பு இருந்தது குறிப்பில் வரவே வராது. தொடர்ச்சியாக வராத மூன்று நாள்களைத் தெரிவுசெய்து, அதில் ஒரு வெள்ளியும் ஒரு ஞாயிறும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நெல் வெட்டுக் காலத்திலும் அது இல்லாத காலத்திலும் எடுத்தால் இன்னும் நல்லது. இரண்டு காலத்திலும் வேலையும் வேறு, சாப்பாடும் வேறு.

குறிப்பேட்டில் பெயரை எழுதாதீர்கள். வயது, ஆணா பெண்ணா, செய்யும் வேலை ஆகியவை போதும். அயலவரிடம் கேட்பதாக இருந்தால், எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லி, அவர் சம்மதித்த பிறகே பேனாவைத் திறவுங்கள்.