கதைக்கான பொறி எங்கிருந்து வருகிறது, அதைத் தோண்டலாமா?

எழுத உட்கார்ந்தால் ஒன்றுமே வரமாட்டேன் என்கிறது, மற்றவர்களுக்கு மட்டும் எங்கிருந்துதான் கொட்டுகிறதோ என்று பாலக்காட்டில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எழுத ஆரம்பிக்கிறவர்கள் கேட்பதுண்டு. வானத்திலிருந்து எதுவும் விழாது. உள்ளே போட்டு வைத்ததுதான் வெளியே வரும், அதனால் முதலில் போட்டு வைக்கப் பழகுங்கள்.

தோலில் வெட்டிய பாவைகளின் நிழலைத் திரையில் ஆட்டும் பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தைப் பார்த்திருப்பீர்கள். பகவதி கோயில் கூத்துமாடத்தில் 21 விளக்கை ஏற்றி வைத்து, திரைக்குப் பின்னால் நின்று, பாவை ஆட்டும் புலவர் கம்பராமாயணப் பாட்டைச் சொல்லுவார், அப்புறம் அதற்கு விளக்கம் என்று தொடங்கி எங்கெங்கோ போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பி வருவார். கேட்கிற நமக்கு அந்த நிமிஷம் தோன்றியதைச் சொல்வதுபோல இருக்கும். வருஷக்கணக்கில் மனப்பாடம் செய்தது அது. (எதிரே ஒரு ஆள் இல்லாவிட்டாலும் கூத்து நடக்கும், பார்ப்பது பகவதி என்பது கணக்கு. ஆள் பார்க்கவில்லையே என்று எழுதாமல் இருப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.)

சரி, எதைப் போட்டு வைப்பது? நோட்டோ போனோ எதுவானாலும் சரி, பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள். வேலந்தாவளம் பஸ்ஸில் ஒரு பாட்டி சில்லறைக்காகக் கண்டக்டரிடம் மலையாளத்தில் ஒரு மூச்சு சண்டை போட்டுவிட்டு உட்கார்ந்து, மடியில் கால் கட்டிக் கிடந்த கோழியிடம் "பயந்துட்டியா சாமி" என்று தமிழில் கேட்டாள் என்றால், அவ்வளவையும் அப்படியே எழுத வேண்டும். 'இரு மொழிகளுக்கு நடுவே வாழும் மனிதர்களின் தவிப்பு' என்று எழுதினீர்களோ, கோழி போச்சு. ஆறு மாதம் கழித்து அந்த வரியைப் படித்தால் உங்களுக்கே எதுவும் ஞாபகம் வராது. ஆராய்ச்சி கெடுதல் என்று சொல்லவில்லை, சீக்கிரம் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

எழுதிக்கொண்டிருக்கும்போது 'இது ஏன் என்னைப் பிடித்தது' என்று கேட்காதீர்கள், 'அடுத்து பாட்டி எங்கே இறங்கினாள்' என்று மட்டும் கேளுங்கள்.

முடித்த பிறகு தாராளமாகத் தோண்டலாம். அமெரிக்கக் கவிஞர் எட்கர் ஆலன் போ 1845இல் வந்த தன் அண்டங்காக்கைக் கவிதையை எப்படிக் கட்டினேன் என்று அடுத்த வருஷமே ஒரு கட்டுரை எழுதினார், திரும்பத் திரும்ப வரும் சொல்லின் ஓசையை முதலில் தீர்மானித்தாராம், அதைச் சொல்ல முதலில் மனதில் வந்த பறவை கிளியாம். எல்லாமே கணக்குப்போல நடந்ததாக அவர் சொல்வதைப் பலரும் நம்புவதில்லை, நானும்தான். ஆனாலும் முடிந்த வேலையைப் பிரித்துப் பார்த்ததால் கவிதை செத்துவிடவில்லையே.

பிரித்துப் பார்ப்பதில் இரண்டு லாபம் உண்டு. எங்கோ படித்தது நம்முடையதுபோல வந்து உட்கார்ந்திருந்தால் அகப்பட்டுவிடும். வரிசையாக மூன்று கதையிலும் கிணற்றடியும் செத்துப்போன தாத்தாவுமாக இருந்தால் அதுவும் கண்ணில் படும், நான்காவதில் தாத்தாவை உயிரோடு விடலாம்.

நாள் குறித்துக் கேட்கிற வேலை என்றால் பொறிக்காகக் காத்திருக்க முடியாது. பழைய குறிப்புகளில் சம்பந்தமே இல்லாத இரண்டை எடுத்து ஒரே அறையில் உட்கார வையுங்கள், பாட்டியையும் எங்கோ பார்த்த ஒரு லாட்டரிக் கடைக்காரரையும் போல. யார் முதலில் பேசுகிறார்கள் என்று எழுத ஆரம்பித்துவிடுங்கள்.